பெயரை மறைத்துக் கேட்ட பாட்டு

ஒரே பாட்டைப் பலர் பாடி வைத்திருக்கையில், எவர் பாடியதைத் தேர்ந்து கேட்பது? பார்வைக்கு இது மிகச் சிறிய வினா. வயிற்றுப்பாட்டிற்கே பொழுது போதாத மக்களிடையே இசைத்தட்டுப் பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு சிறு கூடத்தில் இவ்வினா எழுந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் மறந்திருந்த ஒரு பிழை எழுந்து என் எதிரே நின்றது. அதனை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தாயும் தந்தையும் பால்மரம் வெட்டியவர்கள். இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று பேர் கொடுத்து, வெயில் ஏறிப் பால் ஓட்டம் நிற்பதற்குள் நிரையை முடித்தாக வேண்டும். அத்தோட்டம் இன்றில்லை. நிலம் கைமாறிற்று, பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது, லயங்கள் இடிபட்டன, மக்கள் ஈப்போவிலும் அதன் சுற்றுப்புறத்து அடுக்குமாடிகளிலும் சிதறிப்போயினர். ஆண்டுக்கொரு முறை, எஞ்சியுள்ளோர் புந்தோங்கில் ஒரு கூடத்தில் கூடி, உண்டு, பேசிப் பிரிவது எங்கள் வழக்கம். அக்கூட்டத்தை நந்தன் பாட்டோடு தொடங்க வேண்டுமென்று மூத்தோர் இம்முறை விரும்பினர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கியில் முதலில் ஒலிப்பது அப்பாட்டாகவே இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் மாஞ்சி இராகத்தில் அமைத்த “வருகலாமோ” என்பதே அது.

தோட்டத்து மக்கள் இத்தனை பாட்டுக்களை விடுத்து நந்தன் பாட்டைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் கூறும் திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனைத் தடுக்கும் நிலக்கிழவன் எவனும் இல்லை. தன் பிறப்பை எண்ணித் தானே தயங்கி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கடத்துபவனாகவே நந்தன் அங்கே காட்டப்படுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய பாரதியாரோ, ஒரு வேதியரைப் பண்ணை உடையவராகக் கொணர்ந்து நிறுத்தினார். தில்லைக்குச் செல்ல விடை வேண்டிய பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தையும் பயிர்செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார் அவ்வேதியர். அன்று முதல் நந்தன் கதை, விடுமுறை கேட்ட ஒரு தொழிலாளியின் கதையாயிற்று. கிராணியின் முன்னும் துரையின் முன்னும் கைகட்டி நின்று ஒருநாள் விடுமுறைக்கு வாய் திறந்தவர்களுக்கு, அதன் பொருளை எவரேனும் விரித்துரைக்கவும் வேண்டுமோ?

இப்பாட்டுக்களை எங்கும் பரப்பியவை திரைப்படமும் இசைத்தட்டுமே. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று, ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியார் எடுத்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். அவர்களுக்கு முன்னும் பின்னும் கச்சேரி மேடையினரும் நாடக மேடையினரும் நந்தன் பாட்டுக்களைப் பாடியிருக்கின்றனர். ஒவ்வொருவர் பாடியதும் ஒவ்வொரு விதம். அக்காலத்து அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அரைமணி நேரம் விரித்துப் பாடத்தக்க பாட்டையும் அம்மூன்று நிமிடத்திற்குள் திணித்தாக வேண்டும். அவசரமும் கலைக்கு ஒரு முதலாளிதான்.

என் தந்தையார் சீட்டுப் பணம் விழுந்த ஆண்டில் ஈப்போவுக்குச் சென்று, ஒரு பழைய கிராமபோன் பெட்டியும் நான்கைந்து தட்டுக்களும் வாங்கிவந்தார். அவற்றுள் ஒன்று நந்தன் பாட்டு. நாடகமேடைக் குரல், ஆர்மோனியத்தின் இரைச்சல், எடுத்த எடுப்பிலேயே அழுகை. ஊசி தேயத் தேய அதனை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் படித்து, ஆசிரியப் பணி ஏற்று, ஈப்போ நகரவாசியானேன். இசையில் நாட்டம் மிகுந்தது. ஒரு பழைய புத்தகக் கடையில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தட்டுக்கள் இரண்டு எனக்குக் கிடைத்தன. ஒன்று டாஸ்கனினி நடத்தியது. மற்றது பூர்ட்வாங்லர் நடத்தியது. 1808இல் வியன்னாவில் முதன்முதல் ஒலித்த அவ்விசைக்கு ஒவ்வொரு சுரமும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. கதி எவ்வளவு என்பதைக் கூட, மெட்ரனோம் என்னும் தாளக்கருவியின் கணக்கில், பீத்தோவனே 1817இல் எண்ணிட்டுக் காட்டிச் சென்றார். அங்ஙனமிருந்தும் இரண்டு தட்டும் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை! தொடக்கத்து நான்கு சுரங்களை டாஸ்கனினி வாள் வீச்சென விரைந்து இறக்குகிறார். பிறகும் அந்த விரைவு தளர்வதில்லை. பூர்ட்வாங்லர் அதே நான்கு சுரங்களைப் பாறை உருட்டுவதுபோல் நிறுத்தி இறக்கி, பின்னர் ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் செல்கிறார். ஒன்று போர், மற்றொன்று ஊழ்.

எது சிறந்தது என்று பல இரவு மாற்றி மாற்றிக் கேட்டேன். மேனாட்டார் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். 1913இலேயே நிகிஷ் என்பார் பெர்லின் இசைக்குழுவைக் கொண்டு இதனை முழுமையும் பதிந்ததையும், அரைமணி நேர இசை நான்கு நிமிடத் துண்டுகளாக வெட்டுண்டு பல பக்கங்களில் ஏறியதையும் அறிந்தேன். 1931இல் பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்து அடியுண்டவர் டாஸ்கனினி. இட்லரின் ஆட்சியிலும் ஜெர்மனியை விட்டு நீங்காதிருந்து, போருக்குப்பின் விசாரணையில் விடுபட்டு, 1947இல் மீண்டும் பெர்லினில் இதே சிம்பொனியை நடத்தியவர் பூர்ட்வாங்லர். இதனை அறிந்த பின் என் செவியே மாறிற்று. தட்டு மாறவில்லை, பெயரைப் பற்றிய என் அறிவு மாறிற்று. அதன்பின் நான் கேட்டது இசையையா, பெயரையா? இவ்வையம் அன்றே எனக்குத் தோன்றியது. முடிவில், இரண்டும் இரண்டு உண்மைகள் என்று அமைதி கொண்டேன்.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். அதே ஆண்டு தீபாவளிக்குத் தோட்டத்திற்குச் சென்றேன். தந்தையார் என்னை அமரச் செய்து, பெட்டியின் சாவியைச் சுற்றி, நந்தன் பாட்டை வைத்தார். நானோ நகரத்திற் கற்ற நாவால், “இது கூத்தாடிகளின் ஒப்பாரி அப்பா, நல்ல இசை இதுவன்று. மேடைக் கச்சேரியில் இதையே எவ்வளவு நிதானமாகப் பாடுகிறார்கள் தெரியுமா?” என்றேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஊசியை எடுத்தார்; தட்டை உறையிலிட்டார். அதன்பின் நான் இருக்கும்போது அவர் அத்தட்டை வைத்ததில்லை. 1979இல் அவர் காலமானார். வியன்னாக்காரர் ஒருவரின் சிம்பொனிக்கு இரண்டு உண்மைகள் உண்டென ஒப்பிய நான், நந்தனுக்கு ஒரே உண்மைதான் உண்டெனத் தீர்ப்பளித்தேன். பீத்தோவனுக்கு வழங்கிய நீதியை என் தந்தையின் தட்டுக்கு வழங்கவில்லை.

மீண்டும் புந்தோங்குக் கூடத்திற்கு வருவோம். நந்தன் பாட்டு என்றதும் இளையோர் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என் இளமைத் தோழரின் பேத்தி, வழக்கறிஞர். “தாத்தா, நம் கூட்டம் ஏன் ஒரு கெஞ்சலோடு தொடங்க வேண்டும்? உள்ளே வரலாமா என்று கேட்பதற்கு அவர் என்ன குற்றம் செய்தார்? முடிவில் அவரைத் தீயில் இறக்கிய பிறகல்லவா உள்ளே விடுகிறார்கள்!” என்றாள்.

கூடம் இரண்டுபட்டது. அப்பாட்டில்லாமல் கூட்டமா என்றனர் முதியோர். அடிமைப் பாட்டே வேண்டாம் என்றனர் இளையோர். நான் அப்பெண்ணின் பக்கமே நின்றிருப்பேன். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியார் இதே ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசிச் சென்ற ஊரல்லவா இது? நெருப்பில் குளித்தால்தான் மனிதன் தூயவனாவான் என்ற கருத்தை இன்றும் எவ்வாறு ஏற்பது? ஆனால் ஓர் ஐயம் என்னைத் தடுத்தது. கெஞ்சுவது பாட்டா, பாடியவரா?

ஆதலின் ஒரு வழி சொன்னேன். அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனிக் குழுவினர் 1952இல், புதிய இசைவாணரைத் தேர்ந்தெடுக்கையில் இடையே திரை கட்டி, ஆளைக் காணாமல் வாசிப்பை மட்டும் கேட்டுத் தேர்ந்தனர். ஆணா பெண்ணா, எவ்வினத்தவர், எவருடைய மாணவர் என்பன செவியின் நடுநிலையைக் கெடுக்கும் என்பதே இம்முறையின் கருத்து. பின்னர்ப் பல குழுக்களும் இதனைக் கைக்கொண்டன. நம்மவர் பழைய இசைத்தட்டுக்களைப் பாருங்கள். பாடியவர் பெயருக்குப் பின்னே சாதிப்பெயரும் அச்சாகியிருக்கும். ஊசி தட்டைத் தொடுமுன் சாதி கண்ணைத் தொட்டுவிடும். நாமும் திரை கட்டுவோம் என்றேன். இப்பாட்டின் மூன்று பதிவுகளை என் தம்பி மகன் கைப்பேசியில் எடுத்தான். பெயர் கூறாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் கூறி ஒலிபெருக்கியில் இட்டான்.

முதலாவது, விரைவும் அழுகையுமாகச் சென்றது. எனக்கு அதனை அடையாளம் தெரிந்தது. இரண்டாவது, கச்சேரிப் பாணி. சௌக்க காலத்தில், ஒவ்வொரு சொல்லையும் இழைத்து இழைத்துப் பாடிய பாட்டு. அழகோ அழகு. ஆயினும் அங்கே எவரும் எவரையும் எதுவும் கேட்பதாகத் தோன்றவில்லை; கதவே இல்லாத வீட்டின் முன் நிற்பது போன்றிருந்தது. மூன்றாவது, நடுத்தரக் கதி, அணி குறைவு, குரலிலும் பெரிய வளம் இல்லை. ஆனால் பல்லவியின் கடைசி ஓகாரத்திற்கு முன்னே ஒரு சிறு நிறுத்தம். அதன்பின் ‘ஓ’ என்பது உயர்ந்து செல்லாமல், அசையாமல் நின்றது.

கூடத்தில் பேச்சில்லை. அப்போது எண்பத்தெட்டு வயதுப் பெரியம்மா ஒருவர், முப்பது ஆண்டுக்கு மேல் பால்வெட்டியவர், வாய் திறந்தார்.

“தம்பி, கிராணிகிட்ட லீவு கேக்கிறதுல மூணு தினுசு இருக்கு. காலைப் பிடிக்கிற மாதிரி கேக்கிறது ஒண்ணு. கிடைக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டே எங்கேயோ பாத்துக் கேக்கிறது ஒண்ணு. பிள்ளையை இடுப்புல வச்சு, மூட்டையும் கட்டிக்கிட்டு வந்து நின்னு கேக்கிறது ஒண்ணு. கடைசியா போட்டீங்களே, அது அந்த மூணாவது.”

நான் வியந்து போனேன். ஓகாரத்திற்கு ஆறு பொருள் உண்டென்று தொல்காப்பியர் வகுத்ததை மாணவர்களுக்குப் பல்லாண்டு சொல்லிக் கொடுத்தவன் நான். வினா அவற்றுள் ஒன்று, எதிர்மறை ஒன்று, ஒழியிசை ஒன்று. ‘வரலாமோ’ என்பது விடை வேண்டும் வினாவாகலாம். வரவா முடியும் என்று தானே மறுத்துக்கொள்ளும் எதிர்மறையும் ஆகலாம். சொல்லாது விட்டதைக் கேட்பவன் நெஞ்சிற்குச் சொல்லிவிடும் ஒழியிசையாகவும் நிற்கலாம்: ‘வரலாமோ என்று கேட்கிறேன், ஆனால் வந்துவிட்டேன், காண்!’ ஏட்டில் எழுத்து ஒன்றே. எந்த ஓகாரம் என்பதைப் பாடுபவரே தீர்மானிக்கிறார். இலக்கணம் கற்ற எனக்குப் புலப்படாத இவ்வேறுபாடு, விடுமுறை கேட்டுப் பழகிய ஒரு முதியவரின் செவிக்கு ஒரே கேள்வியில் புலப்பட்டது.

பாட்டை ஏட்டில் காண்பது வேறு, குரலிற் கேட்பது வேறு என்பதற்குப் பாரதியார் வரலாற்றிலேயே சான்றுண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை மலிந்ததென்று நந்தன் சரித்திரத்திற்குச் சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார். பின்னர்ப் பாரதியாரே பாடக் கேட்டு, மனமுருகிப் பாயிரம் அளித்தார். அவர் மாணவர் உ. வே. சாமிநாதையர் இதனை எழுதி வைத்துள்ளார். புலமை மறுத்ததைச் செவி ஏற்றது.

வழக்கறிஞப் பெண் சிறிது நேரம் எண்ணமிட்டாள். “மூன்றாவதை ஒலிக்கலாம், தாத்தா. இதில் அவர் கெஞ்சவில்லை. ஆனால் அந்தத் தீயை மட்டும் நான் ஒப்பமாட்டேன்” என்றாள். “நானும் ஒப்பவில்லை, அம்மா” என்றேன். அவ்வாறே முடிவாயிற்று. பாடியவர் பெயரைப் பின்னர்ப் பார்த்தோம். மூவருள் மிகக் குறைந்த புகழுடையவர் அவரே. பெயரை இங்கும் நான் கூறப்போவதில்லை. கூறினால் நேயர்கள் பெயரைத் தேடுவீர்கள். பாட்டைத் தேட வேண்டுமென்பது என் விருப்பம்.

கூட்டம் கலையும் வேளையில் பெரியம்மா என் கையைப் பற்றினார். “முதல்ல போட்டது உங்கப்பா தட்டுத்தானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. உன் தங்கச்சி தவறின மறுநாள் லீவு கேட்டாரு, கிடைக்கல. போய் மரம் வெட்டிட்டு வந்தாரு. அன்னிக்குச் சாயந்தரம் பெட்டியை எடுத்து வச்சு இந்தத் தட்டைத்தான் போட்டாரு. லயமே கேட்டுச்சு.”

தங்கை இறந்தபோது எனக்கு வயது நான்கு. எனக்கு அவள் முகமே நினைவில்லை. தந்தையார் அதனை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் ஒப்பாரி என்று இகழ்ந்தது உண்மையில் ஒப்பாரிதான்; தான் அழ இயலாத ஒருவர் தமக்காக அழும்படி வைத்துக்கொண்ட ஒப்பாரி. மேடைப் பாடகரின் நிதானம் அவருக்கு எதற்கு? அவருக்குக் கிடைத்த ஓய்வும் மூன்று நிமிடம். தட்டும் மூன்று நிமிடம்.

நேயர்காள், எல்லாப் பதிவும் சமம் என்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். தந்தையின் தட்டில் சுருதி ஓரிடத்தில் பிறழ்கிறது. சொற்கள் சில விழுங்கப்படுகின்றன. குறை குறைதான். ஆனால் எது சிறந்தது என்று மட்டும் கேட்பவன் பாதி வினாவையே கேட்கிறான். எவருக்கு, எப்பொழுது, எதன்பொருட்டு என்பது மற்றப் பாதி. கூடத்தில் நூறு பேர் நிமிர்ந்து நிற்க வேண்டிய நேரத்திற்கு மூன்றாவதே தக்கது. இரவில் தனியே அமர்ந்து இராகத்தின் அழகை நுகர விரும்புவோர்க்கு இரண்டாவது தக்கது. துயரை வாய்விட்டுச் சொல்ல வழியற்றவனுக்கு முதலாவதே துணை.

1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழன் தன் மொழியில் பாட்டைக் கேட்க உரிமையுண்டு என்பதற்காக அன்று போராடினர். அவ்வுரிமை முழுமையடைய, தன் செவியால் தேரும் உரிமையும் வேண்டும். இன்று நம் கையடக்கக் கருவியில் ஒரு பாட்டுக்குப் பத்துக் குரல்கள் காத்திருக்கின்றன. புகழ் மிக்கதை முதலில் நீட்டுகிறது கருவி. அதனோடு நில்லாதீர்கள். ஒரே பல்லவியை மூவர் குரலில் அடுத்தடுத்துக் கேளுங்கள். கதியைப் பாருங்கள், சொல் தெளிவாய் விழுகிறதா என்று பாருங்கள், பாடுபவர் எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். பெயரைக் கடைசியில் பாருங்கள். உங்கள் வீட்டு முதியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு கேட்பது இன்னும் நன்று. அவர் ஒரு பதிவை விரும்பினால், ஏன் என்று கேளுங்கள்; தீர்ப்புக் கூறுவதற்கு முன் கேளுங்கள்.

கூட்டம் முடிந்து வீடு சேர்ந்த இரவு, முதலாம் எண்ணிட்ட பதிவை நான் தனியே இருந்து கேட்டேன். மூன்று நிமிடம் ஆயிற்று. மறுமுறையும் கேட்டேன்.